சேலையூருக்கு வராத ரயில்: தென்புறநகர்த் தடங்களின் வரலாறு

தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள சேலையூர், தென்னிந்தியாவின் மிகப் பழைய மின்சாரப் புறநகர் ரயில் தடத்தின் முனைக்கு அருகிலேயே அமைந்திருந்தும், இன்றுவரை தன் வழியே ஒரு தண்டவாளத்தையும் கண்டதில்லை. 2011ஆம் ஆண்டு முதல் இவ்வூரைத் தொட்டுச் செல்லும் தாம்பரம்–வேளச்சேரிச் சாலையின் மீது மோனோரயில் என்றும் மெட்ரோலைட் என்றும் அடுத்தடுத்துத் திட்டங்கள் வரையப்பட்டன. அண்மை ஆண்டுகளில் அதே தடம் கிண்டி வரை நீட்டப்பட்டு மறு ஆய்வுக்கும் எடுத்துக்கொள்ளப்பட்டது. பணமில்லை என்பதும் ஆட்சி மாறியது என்பதும் இந்தத் தாமதத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களாகும். அவற்றில் உண்மை உண்டு என்றாலும், தென்புறநகரின் ஒரு நூற்றாண்டு ரயில் வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவற்றுக்கும் அடியில் வேறொரு காரணம் தெரிகிறது. ரயிலுக்கென்று நிலம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட இடங்களில் ரயில் வந்தது, வந்தபின் பெருகவும் செய்தது. நிலத்தைப் பற்றிய முடிவைத் தள்ளிவைத்துவிட்டு எந்த வகை வண்டி ஓட வேண்டும் என்ற விவாதத்தை முன்வைத்த இடங்களில், வண்டியின் பெயர் மட்டுமே மாறிக்கொண்டு வந்தது.

இப்பகுதியின் நில அமைப்பை முதலில் அறிந்துகொள்வது நன்று. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லப்பாக்கம் ஆகிய ஊர்கள் ஏரிப் பாசனத்தை நம்பி எழுந்தவை. ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஏரி, அந்த ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும் கால்வாய் என்று அமைந்த இந்தச் சங்கிலியின் நீர் வடகிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிச் செல்கிறது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் சாலையும் ஏறத்தாழ அதே திசையில், இந்த ஏரிகளையும் கால்வாய்களையும் ஒட்டியும் குறுக்கிட்டும் செல்கிறது. ஆகவே இச்சாலையில் போடப்படும் எந்தத் தடமும் போக்குவரத்துக் கணக்கோடு நீரின் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டியதாகிறது. சாலையின் தென்புறத்தில் பரந்து கிடக்கும் தாம்பரம் விமானப்படைத் தளத்தின் காரணமாக, அருகில் எழுப்பப்படும் கட்டுமானங்களின் உயரமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.

சென்னையின் முதல் இலகு ரயில் என்று டிராமைச் சொல்வது பொருத்தமானது. இலகு ரயில் என்பது, பெரிய ரயிலைவிடக் குறைந்த எடையும் குறைந்த நீளமும் கொண்ட பெட்டிகளை, கூர்மையான வளைவுகளிலும் சாலையின் மட்டத்திலும் ஓடக்கூடிய வகையில் தண்டவாளத்தின் மீது இயக்கும் நகரப் போக்குவரத்து முறையாகும். 1895ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் சென்னையில் தொடங்கிய மின்சார டிராம் சேவை இந்தியாவிலேயே முதலாவதாகும். தொடக்கத்தில் தெருவின் அடியில் பதிக்கப்பட்ட குழாய் வழியாக மின்சாரம் செலுத்தப்பட்டது. மழைக்கால வெள்ளம் அதைப் பலமுறை கெடுத்ததால் மேல்நிலைக் கம்பிக்கு மாற வேண்டியதாயிற்று. அதன் பிறகு பல பத்தாண்டுகள் நகரத்தின் தொழிலாளரையும் எழுத்தரையும் சுமந்த அந்த டிராம், 1953ஆம் ஆண்டு ஏப்ரலில் அதை நடத்திய நிறுவனத்தின் நட்டம் காரணமாக நிறுத்தப்பட்டது. டிராமுக்குத் தனிப்பாதை இல்லாமல், பேருந்தும் காரும் மாட்டுவண்டியும் செல்லும் அதே தெருவில்தான் அது ஓடியது. தெருவில் நெரிசல் கூடக் கூட அதன் வேகம் குறைந்தது. வேகம் குறைந்தால் ஒரே வண்டி ஒரு நாளில் செல்லும் நடைகள் குறையும், நடைகள் குறைந்தால் வருவாயும் குறையும். தனிப்பாதை இல்லாத தண்டவாளம் நகரம் வளரும்போது தளர்ந்துவிடும் என்ற பாடம் சென்னைக்கு அப்போதே கிடைத்திருந்தது.

அதே காலத்தில் தென்புறநகரில் நேர்மாறான அனுபவம் ஒன்று உருவாயிற்று. தென்னிந்திய ரயில்வே நிறுவனம் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ 29 கிலோமீட்டருக்குப் புறநகர் வண்டிகளுக்கென்றே தனி இருப்புப்பாதைகளை அமைத்து மின்மயமாக்க 1920களில் முடிவு செய்தது. மீட்டர்கேஜ் எனப்படும், தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம் கொண்ட அந்தப் பாதையை 1931ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி தொடங்கிவைக்க, மே மாதத்தில் பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது. அப்போது மாம்பலமும் சைதாப்பேட்டையும் நகரின் விளிம்புகளாக இருந்தன. அவற்றுக்குத் தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வரை வயலும் ஏரியும் பொட்டலுமாகப் பெரும்பாலான நிலம் கிடந்தது. மக்கள் வந்து குடியேறிய பிறகு அவர்களைத் தேடிச் சென்ற பாதையாக அது இல்லாமல், மக்கள் எங்கே குடியேறலாம் என்பதையே தீர்மானிக்கும் பாதையாக அமைந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணத்தில் கடற்கரைக்குச் செல்லலாம் என்ற உறுதி பிறந்தவுடன், அலுவலகப் பணியாளர்கள் நகரின் வாடகையைத் தவிர்த்துப் புறநகரில் மனை வாங்கத் தொடங்கினர்.

தாம்பரத்தின் கிழக்குப் பகுதிக்கு அந்த ரயில் கொண்டுவந்த பெரிய மாற்றம் கல்வி நிறுவனத்தின் வழியே வந்தது. ஜார்ஜ் டவுனில் நெருக்கடியான கட்டடங்களில் இயங்கிவந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, சேலையூர்க் காட்டுப் பகுதியில் பெரும் நிலப்பரப்பைப் பெற்று 1937ஆம் ஆண்டு தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அக்கல்லூரியின் மாணவர் விடுதிகளில் ஒன்று இன்றும் சேலையூர் ஹால் என்றே வழங்குகிறது. நகரின் மையத்திலிருந்து இவ்வளவு தொலைவுக்கு ஒரு கல்லூரி துணிந்து நகர்வதற்கு மின்சார ரயிலின் இருப்பு பெருந்துணையாயிற்று. ஆயினும் ரயிலின் பயன் நிலையத்திலிருந்து நடந்து செல்லக்கூடிய தொலைவோடு நின்றுவிட்டது. சேலையூருக்கு அப்பால் கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், கௌரிவாக்கம், சந்தோஷபுரம், வேங்கைவாசல், மேடவாக்கம் என நீளும் கிழக்குப் பகுதி பேருந்தையும் மிதிவண்டியையும் பின்னாளில் ஷேர் ஆட்டோவையும் நம்பியே வளர்ந்தது.

ஓர் இருப்புப்பாதைக்குச் சொந்த நிலம் இருந்தால் அதன் திறனைக் காலத்துக்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம் என்பதற்குக் கடற்கரை–தாம்பரம் தடமே சான்றாக நிற்கிறது. போக்குவரத்துப் பொறியியலில் ஒரு தடத்தின் திறன் என்பது, உச்ச நேரத்தில் ஒரு மணிக்கு ஒரு திசையில் எத்தனை பயணிகளைக் கொண்டுசெல்ல இயலும் என்ற கணக்காகும். ஒரு வண்டியில் ஏறக்கூடியவர்களின் எண்ணிக்கையை ஒரு மணியில் செல்லும் வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் அது கிடைக்கும். அந்தத் தடத்தில் 1931இல் நேர்மின்னோட்டத்தில் தொடங்கிய சேவை 1960களில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறியது. 1990களில் அருகிலேயே அகலப்பாதை போடப்பட்டு, 2004ஆம் ஆண்டு ஜூலையில் மீட்டர்கேஜ் மின்சார வண்டிகள் ஓய்வு பெற்றன. பின்னர் ஒன்பது பெட்டிகள் பன்னிரண்டாயின. இத்தனை மாற்றங்களும் பெரும்பாலும் ரயில்வேயின் எல்லைக்குள்ளேயே நடந்தன. 1920களின் பொறியாளர்களும் நிர்வாகிகளும் தங்கள் காலத்துத் தேவையைவிட அகலமாக நினைத்ததன் பயனை மூன்று தலைமுறைகள் அனுபவித்திருக்கின்றன. அந்தத் தொலைநோக்கு நன்றியோடு நினைக்கத்தக்கது.

சுதந்திரத்துக்குப் பின் சென்னை எடுத்த பெரிய ரயில் முயற்சி, மக்கள் பறக்கும் ரயில் என்று பெயர் சூட்டிய துரிதப் போக்குவரத்துத் தடமாகும். 1970களில் ஆய்வு செய்யப்பட்டு 1980களில் ஒப்புதல் பெற்ற அத்தடம், 1995ஆம் ஆண்டு நவம்பரில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும், 2004இல் திருவான்மியூர் வரையிலும், 2007ஆம் ஆண்டு நவம்பரில் வேளச்சேரி வரையிலும் திறக்கப்பட்டது. தனியார் நிலத்தைக் கையகப்படுத்தும் அரசியல் சிக்கலைத் தவிர்க்க விரும்பிய திட்டமிடுவோர், பாதையின் பெரும்பகுதியைப் பக்கிங்காம் கால்வாயின் மீதும் அதன் கரையிலும் அமைத்தனர். அதனால் நிலச் சிக்கல் குறைந்தது. ஆனால் கால்வாயின் நீரோட்டத்துக்குத் தூண்கள் இடையூறாயின. நிலையங்கள் மக்கள் கூடும் கடைத்தெருக்களிலிருந்தும் பேருந்து நிறுத்தங்களிலிருந்தும் விலகி நின்றன. பெரும் மண்டபங்களாகக் கட்டப்பட்ட அந்நிலையங்கள் பல ஆண்டுகள் ஆளரவமின்றிக் கிடந்தன. அரசியல் எதிர்ப்புக் குறைவாக உள்ள வழியைத் தேர்ந்தெடுத்ததன் விலையைப் பயணிகள் செலுத்தினர் என்பதே இதன் சுருக்கம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை 5 கிலோமீட்டர் நீளும் அதன் இணைப்போ, பணிகள் பெரும்பகுதி முடிந்த பிறகும், ஆதம்பாக்கம் அருகே ஏறத்தாழ 500 மீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டு வழக்குகளால் பத்தாண்டுக்கும் மேலாக முடங்கிக் கிடந்தது. ஐந்நூறு மீட்டர் நிலம் ஐந்து கிலோமீட்டர்ப் பாதையைத் தடுத்து நிறுத்த முடியும் என்பதைத் தென்புறநகர் மக்கள் இரயில் கனவின் வாசலிலேயே நின்று கண்டனர்.

இதே ஆண்டுகளில்தான் தாம்பரம்–வேளச்சேரிச் சாலையின் இருபுறமும் இன்றைய தோற்றத்தைப் பெற்றன. பழைய மாமல்லபுரம் சாலையில் எழுந்த மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்போர், அங்கிருந்து எட்டக்கூடிய தொலைவிலும் கொஞ்சம் குறைந்த விலையிலும் வீடு தேடியபோது மேடவாக்கமும் செம்பாக்கமும் ராஜகீழ்ப்பாக்கமும் சேலையூரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளால் நிறைந்தன. ஏரிகளின் ஓரத்தில் மனைகள் பிரிக்கப்பட்டன, சாலையின் விளிம்பு வரை கடைகள் கட்டப்பட்டன. இந்த வளர்ச்சியை ஒருங்கே பார்த்து வழிநடத்தும் அமைப்பு எதுவும் அப்போது இல்லை. ஒரே சாலை தாம்பரம் நகராட்சி, செம்பாக்கம், பல ஊராட்சிகள், 2011இல் விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சி எனப் பல உள்ளாட்சிகளின் எல்லைகளைக் கடந்து சென்றது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது இந்தச் சிதறல் ஓரளவு குறைந்தது. ஆனால் சாலையோர நிலம் அதற்குள் விலைபோயிருந்தது.

இந்தச் சூழலில் 2011ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. அரசு, முந்தைய தி.மு.க. ஆட்சியில் தொடங்கிய மெட்ரோ ரயிலின் முதல் கட்டத்தைத் தொடர்ந்துகொண்டே, நகரின் பிற பகுதிகளுக்கு 111 கிலோமீட்டர் மோனோரயில் அமைப்பதாக அறிவித்தது. மோனோரயில் என்பது இரட்டைத் தண்டவாளத்துக்குப் பதிலாக ஒற்றை விட்டத்தின் மீது ரப்பர்ச் சக்கரங்களில் ஓடும் வண்டியாகும். அதன் தூண்கள் மெல்லியவை என்பதால் சாலையின் நடுவே சிறிய இடத்தில் அமைக்கலாம், நிலம் அதிகம் வேண்டாம் என்பதே அதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதம். வண்டலூரிலிருந்து தாம்பரம் கிழக்கு வழியே வேளச்சேரி வரையிலான ஏறத்தாழ 23 கிலோமீட்டர்த் தடம் அத்திட்டத்தின் நான்கு தடங்களில் ஒன்று. சேலையூர் மக்கள் தங்கள் ஊர்வழியே ஒரு ரயில் வருமென்று அரசின் அறிவிப்பில் கண்டது அப்போதுதான். ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டு, போட்டியாளர்கள் குறைந்ததால் மீண்டும் மீண்டும் கைவிடப்பட்டன. 2014இல் பூந்தமல்லி–கத்திப்பாராத் தடத்துக்கு மத்திய அரசின் கொள்கையளவிலான ஒப்புதல் கிடைத்தும் பணி தொடங்கவில்லை. பின்னர் பூந்தமல்லி மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் சேர்க்கப்பட, மோனோரயில் பேச்சு அடங்கியது. மும்பையில் 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய சுதந்திர இந்தியாவின் முதல் மோனோரயில், பயணிகள் குறைவாலும் பழுதுகளாலும் தடுமாறி, 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் சீரமைப்புக்காக நிறுத்தப்பட்டதைப் பார்க்கும்போது, சென்னை ஒரு பெரும் சுமையிலிருந்து தப்பியது என்று சொல்லலாம். ஆனால் அந்த ஆண்டுகளில் சாலையோரத்தில் இடம் ஒதுக்கப்படாமல் போனது மீட்க முடியாத இழப்பாகும்.

மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019ஆம் ஆண்டு ஜூலையில் மெட்ரோலைட் என்ற பெயரில் இலகு ரயிலுக்கான தர விவரங்களை வெளியிட்டது. சாலையின் மட்டத்தில் வேலியிட்டுப் பிரிக்கப்பட்ட தனிப்பாதையில், மூன்று பெட்டிகளில் ஏறத்தாழ 300 பேரைச் சுமந்து, குறுக்குச் சாலைகளில் சிக்னலுக்குக் கட்டுப்பட்டுச் செல்லும் இம்முறைக்கு, வழக்கமான மெட்ரோவின் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடே ஆகும் என்று அமைச்சகம் கூறியது. தமிழ்நாடு அரசு தாம்பரம்–வேளச்சேரி இடையே 15.5 கிலோமீட்டருக்கு இதை அமைக்க ஆராய்ந்தது. இங்கேதான் அரசியல் சாத்தியமும் திறனும் ஒன்றோடொன்று பிணைகின்றன. சாலை மட்டத்தில் தடம் அமைத்தால் செலவு குறையும், ஆனால் நெரிசல் மிகுந்த சாலையிலிருந்து இரண்டு வழித்தடங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வணிகரும் வாகன ஓட்டிகளும் உடன்பட வேண்டும். மேம்பாலத்தின் மீது அமைத்தால் எதிர்ப்புக் குறையும், ஆனால் செலவு மெட்ரோவை நெருங்கிவிடும். அப்போது குறைந்த திறனுள்ள வண்டிக்கு ஏன் இவ்வளவு செலவு என்ற கேள்வி எழும். 300 பேர் செல்லும் வண்டியை இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக இயக்கினாலும் ஒரு மணியில் ஒரு திசையில் 9,000 பேரையே கொண்டுசெல்ல இயலும். சிக்னல்களில் நிற்க வேண்டிய தடத்தில் இரண்டு நிமிட இடைவெளியே கடினம். டெல்லியில் ரிதாலாவுக்கு வடக்கே மெட்ரோலைட்டாக எண்ணப்பட்ட தடம், இறுதியில் குண்ட்லி வரை நீண்ட முழு மெட்ரோவாக 2024ஆம் ஆண்டு டிசம்பரில் ஒப்புதல் பெற்றதற்கும் இத்தகைய தயக்கங்களே பின்னணியாக இருந்திருக்கலாம்.

தமிழர்கள் வாழும் பிற நகரங்களின் அனுபவமும் இங்கே துணைக்கு வருகிறது. ரயில்வேப் பணிமனையைச் சுற்றித் தமிழ்த் தொழிலாளர் குடியேறிய கோலாலம்பூரின் செந்தூலுக்கும், தமிழர் வணிகம் செழித்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிக்கும் 1990களின் பிற்பகுதியிலிருந்து இலகு ரயில் சேவை கிடைத்தது. அங்கே கெலானா ஜெயா தடம் இரண்டு பெட்டி வண்டிகளோடு தொடங்கி, கூட்டம் தாங்காமல் 2009இல் நான்கு பெட்டி வண்டிகளைச் சேர்த்துக்கொள்ள நேர்ந்தது. அதற்கென்று தனித்த பாதை முன்பே இருந்ததால் அது இயன்றது. கொழும்பில் மாலபேயிலிருந்து கோட்டை வரை 15.7 கிலோமீட்டர் இலகு ரயில் அமைக்க 2019ஆம் ஆண்டு ஜப்பானின் கடனுதவியோடு உடன்படிக்கை ஏற்பட்டது. ஆட்சி மாறியபின் 2020ஆம் ஆண்டு செப்டம்பரில், செலவு மிகுதி என்று கூறி அத்திட்டம் ரத்து செய்யப்பட்டது. சேலையூர்த் தடத்தின் நீளத்துக்கு ஏறத்தாழ இணையான அந்தத் தடம், கையெழுத்தான ஒப்பந்தமும் குறைந்த வட்டிக் கடனும்கூட அரசியல் உடன்பாடு இல்லாவிட்டால் ஒரு திட்டத்தைக் காப்பாற்றா என்பதை உணர்த்துகிறது.

நிதியின் பங்கையும் மறுக்க இயலாது. 2017ஆம் ஆண்டின் மத்திய மெட்ரோ ரயில் கொள்கை, மாற்று முறைகளை ஒப்பிட்டு ஆராய வேண்டும், நகரப் போக்குவரத்துக்கு ஒருங்கிணைந்த ஆணையம் இருக்க வேண்டும், பொருளாதார வருவாய் விகிதம் 14 விழுக்காடாவது இருக்க வேண்டும் எனப் பல நிபந்தனைகளை விதித்தது. சென்னை மெட்ரோவின் 118.9 கிலோமீட்டர் நீள இரண்டாம் கட்டம் 2020ஆம் ஆண்டு நவம்பரில் அடிக்கல் கண்டும், 63,246 கோடி ரூபாய் மதிப்பிலான அத்திட்டத்துக்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள்தான் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மாநில அரசு பெருஞ்சுமையைத் தாங்கியது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரையிலான மெட்ரோ நீட்டிப்பு முதலில் ஏறத்தாழ 4,080 கோடி ரூபாயாக மதிப்பிடப்பட்டு, 2025இல் 9,335 கோடியாக உயர்ந்து நின்றது. அத்தடமும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையை ஒட்டியே செல்வதால் கேம்ப் ரோட்டுக்குக் கிழக்கே உள்ளவர்களின் தேவையைத் தீர்க்காது. இத்தகைய சுமைகளின் நடுவே சேலையூர்த் தடம் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுவது இயல்பே. ஆனால் அந்தக் காத்திருப்பின் காலம் வீணாகாமல் பார்த்துக்கொள்வது மாநில அரசின் கையிலும் உள்ளாட்சியின் கையிலும் இருக்கிறது.

இத்தடத்தின் முக்கியத்துவம் அதன் நீளத்தைவிட அது இணைக்கும் புள்ளிகளில் இருக்கிறது. மேற்கே தாம்பரத்தில் புறநகர் மின்சார ரயில், நடுவே மேடவாக்கத்தில் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சோழிங்கநல்லூர்த் தடம், கிழக்கே வேளச்சேரியில் பறக்கும் ரயில் என வடக்கு–தெற்காகச் செல்லும் தடங்களைக் குறுக்கே பிணைக்கக்கூடிய சாலை இது. குறுக்குத் தடம் இல்லாத வலைப்பின்னலில், செம்பாக்கத்திலிருந்து பல்லாவரம் பக்கம் செல்லும் ஒருவரும் சேலையூரிலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் ஒருவரும் சாலையையே நம்ப வேண்டும். 2010இல் சட்டமாகி, 2022இல் செயல்படத் தொடங்கிய சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையம் இத்தகைய இணைப்புகளை ஒரே பார்வையில் காண்பதற்காகவே உருவாக்கப்பட்டது.

1931இன் அனுபவம் கற்பிக்கும் வரிசை தெளிவானது: முதலில் நிலம், அடுத்து அதைக் காக்கும் அதிகாரம், அதன்பின் வண்டி. எந்த வகை வண்டி என்ற முடிவுக்குக் காத்திராமல், தாம்பரம்–வேளச்சேரிச் சாலையின் நடுவே தூண்களுக்கான அகலத்தையும், நிலையங்கள் வரக்கூடிய சந்திப்புகளில் கூடுதல் இடத்தையும், வண்டிகளை நிறுத்திப் பராமரிக்கும் பணிமனைக்கான பரப்பையும் இப்போதே வரைபடத்தில் குறித்து, புதிய கட்டட அனுமதிகளில் அந்த எல்லையை மதிக்கச் செய்வதே அரசு உடனடியாகச் செய்யக்கூடிய காரியம். ஏரிக் கால்வாய்களின் அகலமும் அதே வரைபடத்தில் இடம்பெற வேண்டும். பக்கிங்காம் கால்வாயில் நடந்தது செம்பாக்கம் நீர்வழிகளில் நடக்கக் கூடாது. தொடக்கத்தில் மூன்று பெட்டி வண்டி ஓடினாலும் ஆறு பெட்டிக்குப் போதிய நடைமேடை நீளத்துக்கு இடம் விட்டுவைத்தால், இன்றைய நிதிநிலைக்கு ஏற்ற சிறிய தொடக்கமும் நாளைய கூட்டத்துக்கு ஏற்ற வளர்ச்சியும் ஒன்றுக்கொன்று பகையாகா. நிலத்தைக் காக்கும் முடிவுக்கு ஆகும் செலவு, ரயிலைக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அந்த முடிவை எடுக்கும் ஆட்சி தன் காலத்தில் ரயிலைத் திறந்துவைக்காமல் போகலாம் என்பதால்தான் அது அரசியலில் கடினமாக இருக்கிறது. தங்கள் பதவிக்காலத்துக்கு அப்பால் பயன் தரக்கூடிய நிலத்தை ஒதுக்கிவைத்தவர்களால்தான் தாம்பரம் இன்று ரயில் ஊராக இருக்கிறது. சேலையூருக்கும் அதே வகை முடிவு கிடைக்க வேண்டும், அதைத் தாம்பரம் மாநகராட்சியும் பெருநகரப் போக்குவரத்து ஆணையமும் மாநில அரசும் இணைந்து எடுக்கலாம்.